நாலரை மணி வரை பார்த்த படம்

பார்ப்பதற்கு நல்ல படம் ஒன்று சொல்லு என்று யார் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. எட்டுப் பகுதி உள்ள தொடரில் ஏழு பகுதியைப் பார்த்து முடித்திருப்பேன், எட்டாவதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். செம்பூரில் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த சீசனே வந்துவிடும் என்று கேலி செய்கிறாள். வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

பத்து வயதில் நான் இப்படி இல்லை. தாராவியில் எங்கள் சந்துக்கு என்ன படம் பார்க்கலாம் என்று சொல்லும் பெரிய மனுஷி நான்தான். அதற்காக நிறையப் படம் பார்த்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறையப் பேச்சைக் கேட்டவள், அவ்வளவுதான். அப்பளம் உருட்டும் அக்கா ஒரு படத்தைப் பற்றி, "சிரிச்சுச் சிரிச்சு உருட்டுன அப்பளம் எல்லாம் கோணிப் போச்சு" என்பாள். சேலைக்கு ஃபால் தைக்கும் பெரியம்மாவுக்குப் படம் பிடிக்கவில்லை என்றால், "ஊசியில நூல் கோக்க நல்ல நேரம் கிடைச்சுது" என்பாள். முடிவெட்டும் அண்ணன் எந்தப் படத்துக்கும் "ஏக் நம்பர்", முதல் தரம் என்பார், கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னால் மட்டும் நம்பலாம். இவற்றையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு, நானே பார்த்த மாதிரி அடுத்த வீட்டில் போய்ச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு தனி ருசி.

எங்கள் சந்தின் விமர்சனத்தில் ஒரு கோளாறு உண்டு. கேபிள்காரர் தினமும் மூன்று மணிக்கு ஒரு தமிழ்ப் படம் போடுவார். குழாயில் தண்ணீர் நாலரைக்கு வரும். இடைவேளை முடிந்து கதை சூடு பிடிக்கிற நேரம் அது. "தண்ணி" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கதாநாயகி தூக்கில் தொங்கினாலும் சரி, சந்து முழுவதும் குடத்தோடு வெளியே வந்துவிடும். டிரம் நிரம்பி, வாளி நிரம்பி, கடைசிச் சண்டையும் ஓய்ந்து வீட்டுக்குள் போகும்போது டிவியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மிச்சக் கதையை வரிசையில் நின்றே முடித்துவிடுவார்கள். அவன் திருந்தியிருப்பான், இவள் மன்னித்திருப்பாள், வேறென்ன ஆகியிருக்கும். எந்தப் படத்துக்கும் எங்களிடம் இருந்தது முதல் பாதி அபிப்பிராயம்தான். அதில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அணுசக்தி நகருக்கு ஊழியர்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டினார். எங்களுக்கு இருந்ததே ஒரு அறை, அதற்கு மேல் ஒரு பரண். பரண் மாமாவுடையது. அந்த வருடம் மழை தொடங்கிய பிறகு ஊரிலிருந்து அத்தையைக் கூட்டிவந்தார். அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பது எனக்குத் தெரியும். இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்வது எப்படி என்று தலையணையை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அத்தை வெறுங்கையோடு வந்தாள். பாப்பா ஊரில் ஆச்சியிடம் இருக்கிறது, மழை முடிந்ததும் வரும் என்றாள் அம்மா. அத்தையிடம் அதைப் பற்றி நச்சரிக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

அத்தை எல்லா வேலையும் செய்தாள். என் தலைமுடியை ஒரு மயிர் பிசகாமல் பின்னிவிடுவாள். சிரிக்க மட்டும் மாட்டாள். வந்த புதிதில் அம்மா மாட்டுங்கா போய்ப் பந்து பந்தாக மல்லிகைப் பூ வாங்கிவந்தாள். அத்தை தலையில் அது ஏறவில்லை, எனக்கும் ஒரு முழம் தரவில்லை. அம்மாவும் அத்தையும் பூவோடு பரணுக்கு ஏறிப் போனார்கள். மறுநாள் குப்பைக் கூடையில் நசுங்கிய மல்லிகை கிடந்தது. நல்ல பூவை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று எனக்கு அத்தை மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமா என்னைச் சந்து முனைக்குக் கூட்டிப் போனார். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பெரியவர்களிடம் பேசுவது போல என்னிடம் பேசினார்.

"ஏட்டி, நாளைக்கு அத்தைக்குப் போட்டுக் காட்ட ஒரு படம் சொல்லு. அவ சிரிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

யோசிக்கவே இல்லை. அந்த வாரம் சந்து முழுவதையும் சிரிக்கவைத்த படம் ஒன்று இருந்தது. அப்பளம் கோணிப்போன படம் அதுதான். பெயரைச் சொன்னேன். மாமாவுக்கு எங்கள் சந்துக்காரர்களைத் தெரியும்.

"நம்ம பொம்பளையளுக்கு நாலரைக்கு மேல கதை தெரியாது. நீ கடைசி வரைக்கும் பாத்தியா?"

அதைப் போட்ட அன்று அம்மாவின் குடத்துக்கு வரிசையில் இடம் பிடித்து நின்றது நான். அந்தப் படத்தின் முதல் பாதியையே ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

"பாத்தேன் மாமா."

"அழுகாச்சி ஏதும் இருக்கா?"

"ஒரு சொட்டு கிடையாது."

மாமா என் தலையைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பாதி டீயும் அந்தத் தட்டும் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தன.

ஒற்றை அறையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் மற்றவர்களுக்குத் திடீரென்று உறவினர் ஞாபகம் வந்துவிடும். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ் பிடித்துத் திலக் நகரில் அம்மாவின் அக்கா வீட்டுக்குப் போனோம். என்ன விசேஷம் என்று பெரியம்மா மூன்று தடவை கேட்டாள், சும்மாதான் என்று அம்மா மூன்று தடவை சொன்னாள். அப்பா ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்தார். நான் மட்டும் இந்நேரம் அத்தை எந்தக் கட்டத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். மாமா வெளிப் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மோரியில், பாத்திரம் கழுவும் மூலையில், அத்தை குந்தி உட்கார்ந்து காலையில் துலக்கி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் துலக்கிக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிவி மேல் சிடி உறை திறந்து கிடந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் மூன்று சிடியாக வரும். இரண்டு வெளியே கிடந்தன. மூன்றாவது உறைக்குள்ளேயே இருந்தது.

மாமா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. முதல் சிடியில் அத்தை ஒரு தடவை சிரித்தாளாம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். இரண்டாவதில் அந்தக் கதாநாயகிக்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். அந்த இடத்தில் சிடி முடிந்ததும் அத்தை எழுந்து போய்விட்டாள்.

"கடைக்காரன் நல்லாருக்கும்னு குடுத்தான்க்கா. நானும் யோசிக்காம வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார் மாமா. என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் சொன்ன படத்தின் பெருமையைக் கடைக்காரனுக்குக் கொடுக்கிறாரே என்று ஒரு கணம் எனக்கு ரோஷம் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ரோஷத்தை விழுங்கிக்கொண்டேன். ஏதோ தப்பு நடந்திருந்தது. அது என் தலையில் விழாத வரை சரி.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது, பின்னாலிருந்து அத்தை கேட்டாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

"நீ அந்தப் படம் முழுசும் பாத்தியாமே. மாமா சொன்னாவ. அந்தப் பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு?"

அந்தப் படத்தில் குழந்தை இருப்பதே எனக்கு முந்தின நாள்தான் தெரியும். ஆனால் சினிமாவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா?

"பொழைச்சிரும் அத்தை."

"எப்படி?"

"டாக்டர் ஊசி போடுவாரு. வெளிய வந்து கண்ணாடியக் கழட்டிட்டு, நல்ல வேளை, நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கன்னு சொல்லுவாரு."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"நேரத்துக்கு" என்றாள் அத்தை.

பிறகு அதுவரை பின்னிய சடையை அவிழ்த்தாள். சீவி, மறுபடியும் முதலிலிருந்து பின்னினாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று நான் சிணுங்கியது நினைவிருக்கிறது.

அடுத்த வாரமே அத்தையின் அண்ணன் வந்து அவளை ஊருக்குக் கூட்டிப் போனார். பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. பரணில் புழுக்கம் தாங்க முடியவில்லை என்றார் அப்பா. இரண்டும் பொய்யில்லை. அத்தை அதற்குப் பிறகு வரவில்லை. பாப்பாவும் வரவில்லை. மாமா ஐந்தாறு வருடம் போவதும் வருவதுமாக இருந்துவிட்டு, பஸ் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

எனக்குப் பதினாறு வயதில்தான் அம்மா சொன்னாள். அத்தையின் குழந்தை இருபத்தோரு நாள்தான் இருந்தது. ராத்திரி காய்ச்சல் வந்தது. விடியட்டும், முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போகலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் மடியிலேயே அடங்கிவிட்டது. அன்று வாங்கிவந்த மல்லிகைப் பூ, பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டியது. துக்கம் விசாரிக்க வந்த ஊர் முழுவதும் அத்தையிடம் ஒன்றையே சொல்லியிருக்கிறது, நேரத்துக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்குமே என்று. அந்த ஒரு பேச்சு அவள் காதில் விழக்கூடாது என்றுதான் மாமா அவளை ரயிலேற்றி இவ்வளவு தூரம் கூட்டிவந்திருந்தார். அம்மா இதைச் சொல்லிக்கொண்டே அரிசி களைந்தாள். நான் என் பங்கை அவளிடம் சொல்லவில்லை. இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் படம் என் செல்போனில் வந்து நின்றது. யாரோ முழுவதையும் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முதல் பாதி நிஜமாகவே சிரிப்புதான், அப்பளக்கார அக்காவைக் குறை சொல்ல முடியாது. பிறகு கதாநாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அத்தை எழுந்துபோன இடம். அதைத் தாண்டி முதல் தடவையாக நான் போனேன்.

குழந்தை பிழைக்கவில்லை. டாக்டர் வெளியே வருகிறார். கண்ணாடியைக் கழற்றவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். நீ நேற்றே வந்திருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும், உன் மேல் தப்பில்லை அம்மா என்கிறார். அவள் நம்பாமல் திரும்பவும் கேட்கிறாள். அவரும் சலிக்காமல் திரும்பவும் சொல்கிறார்.

போன பொங்கலுக்கு ஊரிலிருந்து மாமா போனில் பேசினார். புதிதாகப் பெரிய டிவி வாங்கியிருக்கிறார்களாம். அத்தையும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லு என்றார். அந்தப் பழைய படத்தின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொன்னால் அன்று நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தை இத்தனை வருடம் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பதையும் நானும் மாமாவும் பேசியாக வேண்டும். வேறு ஏதோ ஒரு சிரிப்புப் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்த நல்ல முடிவு ஒன்றே ஒன்றுதான், குழந்தை பிழைத்துவிட வேண்டும். அது பிழைக்காத படம் ஒன்றைக் கடைசி வரை பார்த்திருக்க வேண்டிய ஒருத்தி என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.