ஒரு பாட்டுக்கு ஓர் இறக்கம்

செல்வராசு அண்ணன் இறந்த அன்று காலை நான் போடியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், வண்ணம் அடிக்கும் பலகைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்காகத்தான் காத்திருந்தேன். போன் அடித்தது. அவர் மனைவி ராணி அக்கா.

"தம்பி, மேலயா இருக்க?"

"ஆமாக்கா. அண்ணன் எங்க? வெயிலு ஏறுது, வெரசா வரச் சொல்லுங்க."

"நீ மொதல்ல கீழ எறங்கு."

"எதுக்குக்கா?"

"எறங்குப்பா. தரைக்கு வந்துட்டு நீயே கூப்பிடு."

வைத்துவிட்டார். நான் எரிச்சலோடு படியிறங்கி, தெருவில் நின்று கூப்பிட்டேன். அதன் பிறகுதான் சொன்னார். சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். புருஷன் அப்படிக் கிடக்கும்போது, நான் உயரத்தில் நின்று அந்தச் செய்தியைக் கேட்டுவிடக் கூடாது என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

ராசிங்காபுரத்திலும் போடியிலும் அவரோடு சுவருக்கு வண்ணம் அடித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். பாட்டு இல்லாமல் அவர் பிரஷ்ஷைத் தொடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாமல்தான் இருந்தது.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொங்கு பலகையில் மறுமுனைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. உயரமான சுவர் என்றால் மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்து அடிப்போம். அவரவர் முனைக்கு அவரவர் கையில் ஒரு முடிச்சு. கை எட்டும் தூரம் அடித்து முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் முடிச்சைத் தளர்த்திப் பலகையை இறக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் பலகை சாயும்.

எப்போது இறக்குவது என்பதைப் பாட்டுதான் சொல்லும். ஒரு பாட்டுக்கு ஓர் இறக்கம். சொரசொரப்பான சுவர் என்றால் நீளமான பாட்டாகப் போடுவார்.

"ஏண்ணே, எல்லாமே தாலாட்டு மாதிரி இருக்கு. தூக்கம் வருது" என்பேன்.

"தூங்கு. கைய மட்டும் முடிச்சுல வையி."

"ஒரு குத்துப்பாட்டு போட்டா என்ன?"

"குத்துப்பாட்டுக்குக் கையி ஆடும். கையி ஆடுனா பலகை ஆடும். ஆடுற சோலி எனக்கு ஆகாதுப்பா."

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் காயவைக்கும் ஒரு ஸ்டோரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் போனிலிருந்துதான் பாட்டு வரும். பாதிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தோம். கீழே களத்தில் பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவே திடீரென்று இசை நின்று, ஒரு பெண் குரல் பற்பசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. விளம்பரம். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், பாட்டு முடிந்துவிட்டது என்று தன் முடிச்சைத் தளர்த்திவிட்டார். நான் தளர்த்தவில்லை.

அவர் பக்கம் சரக்கென்று இறங்கியது. வாளி உருண்டு போய்ப் பச்சை பெயிண்டு களத்தில் கொட்டியது. இடுப்புக் கயிறு என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் பலகைக் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

கீழே ஓர் அம்மா கத்தினார்: "எலேய், செவுத்துக்கு அடிக்கச் சொன்னா காய்க்கும் சேத்துப் பச்சை அடிக்கிறீகளா?"

களமே சிரித்தது.

"தம்பி, பாட்டு முடியலல்ல?" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"முடியலண்ணே."

பற்பசை முடிந்து, பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அது முழுதாக முடியும் வரை அவர் அசையவே இல்லை. அடுத்த வேலைக்கு மெமரி கார்டு போட்ட ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்தார். அன்றிலிருந்து பாட்டு முடிந்ததும் "ஆச்சா?" என்று கேட்பார். நான் "ஆச்சு" என்றால்தான் முடிச்சைத் தொடுவார்.

காரியத்தன்று ராணி அக்கா அந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"ஒங்க அண்ணனுக்கு ஒசரம்னா அம்புட்டுப் பயம். அத மறக்கத்தான் இந்தப் பாட்டெல்லாம். வீட்ல பல்பு மாத்தணும்னா நாந்தான் ஸ்டூல்ல ஏறுவேன்."

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியேக்கா!"

"எப்படிச் சொல்லுவாக? 'அந்தப் பய பயமே இல்லாம உக்காந்திருக்கான், அவனப் பாத்துத்தான் நான் ஏறுறேன்'னு ஒன்னயச் சொல்லுவாக எங்கிட்ட."

நான் அவரைப் பார்த்துத்தான் ஏறிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாளும் அந்தப் பலகையில் பயப்படாத ஆள் ஒருவர்கூட இருந்ததில்லை.

போடிக் கட்டடத்தின் பின்சுவர் பாதியில் நின்றது. வேறு யாரையாவது வைத்து முடியுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மேலே போகவே கால் வரவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஈரம் காய்ந்து ஒரு கோடு விழுந்திருந்தது. அண்ணன் கடைசியாக அடித்த இடம் அது. பின்பக்க ரோட்டில் பஸ்சில் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. நானே முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டடக்காரர், கணேசன் என்ற என் வயதுப் பையனை அனுப்பினார். மறுமுனையில் உட்கார்ந்ததுமே இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டான். முதல் பட்டை முடிந்ததும் "எறக்கலாமா?" என்றேன். தலையை ஆட்டினான். முடிச்சில் கை வைத்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், அவன் தலை ஆடிக்கொண்டே இருந்தது. காதில் ஓடிய தாளத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தான். நான் கேட்டது அவனுக்குக் கேட்கவே இல்லை.

முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். பலகையில் நகர்ந்துபோய், எட்டி அவன் காதிலிருந்ததைப் பிடுங்கினேன்.

"ஏன்டா? பாட்டு கேக்குறதும் தப்பா?"

"கேளு மாப்ளே. நான் கேக்குறதையே நீயும் கேளு."

ஸ்பீக்கரைப் பலகையின் நடுவில் இருந்த ஆணியில் மாட்டினேன். பாட்டு வந்தது.

"என்ன பாட்டுடா இது? எழவு வீடு மாதிரி இருக்கு."

"எழவு வீட்லருந்துதான் கொண்டாந்தேன்."

அண்ணன் என்னிடம் ஒருநாளும் சொல்லாததை நான் அவனிடம் சொல்லிவிட்டேன். "எனக்குப் பயமா இருக்கு மாப்ளே. இங்க உக்காந்தா ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு."

அவன் இயர்போனைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டான். "எனக்கு மட்டும் என்னவாம்? அதான் காதுல மாட்டுனேன்."

அண்ணனிடமிருந்து எனக்குத் தைரியம் எதுவும் வரவில்லை. அவரிடமே அது இல்லை. பொத்தானில் பெயிண்டு காய்ந்துபோன ஸ்பீக்கர் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் விட்டுப்போன மெதுவான பாட்டுகள் இருக்கின்றன. அன்று அதில் ஒன்று முடிந்ததும், அந்தக் கோட்டுக்கு நேராகத் தொங்கிக்கொண்டு நான் கேட்டேன்.

"ஆச்சா?"

மறுமுனையிலிருந்து சத்தம் வரும்வரை முடிச்சைத் தொடவில்லை.

"ஆச்சுடா, எறக்கு."