சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை. நான்கு மூலையும் மழுங்கி, நடுவில் ஒருமுறை மடித்த தடத்தோடு இருந்தது. நீல மையில் ஒரு சிறுமியின் பெயர். அதன் கீழே, 'சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல்கடை குறைவு.' அதற்கும் கீழே, 'வளர்ந்ததும் வா. வரிசையில் நிற்க வேண்டாம்.' கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் அக்காவின் கையெழுத்தும் தேதியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இது என் கைக்கு வந்தது. ஓர் அரசாங்கமும் ஒரு பெரிய கம்பெனியும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய காலத்தில், இரண்டு தரப்பும் சேர்ந்து 'அப்படி ஒன்று இல்லவே இல்லை' என்று முடிவு கட்டிய அட்டை இது. இருந்தது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைச்சாவடியைத் தாண்டி வடக்கே போகும் சாலையில் நான் வேலை பார்க்கும் பொழுதுபோக்குப் பார்க் இருக்கிறது. அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. ஆனால் பாண்டிச்சேரியில் ஆட்டோக்காரரிடம் "பார்க்" என்றால் போதும். கம்பெனி இங்கே வந்தபோது அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சுற்றுச்சுவருக்குள் சாலை, தண்ணீர், கட்டட அனுமதி, ராட்டினங்களுக்கான தகுதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கம்பெனியே அமைத்த ஒரு குழு பார்த்துக்கொள்ளும். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சர்க்கார், இந்தப் பக்கம் ஒரு சர்க்கார் என்று நாங்கள் கிண்டலடிப்போம். அந்தப் பக்கத்துச் சர்க்காருக்கு இது எத்தனை நாள் பொறுக்கும்? புதிதாக வந்த அமைச்சரவை அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கப் பார்த்தது. ஆளும் கட்சி மாநாட்டுக்கு மைதானம் கேட்டபோது கம்பெனி கையை விரித்தது. கம்பெனித் தலைவர் ஒரு பேட்டியில், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மதிக்கத் தெரிய வேண்டும் என்று வேறு சொல்லிவைத்தார். இரண்டு பேரும் ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்கள். அந்தச் சாக்கு எங்கள் மேடையில் வந்து நின்றது.

எங்கள் மேடை என்றால் பாம்பு ரயில் மேடை. பார்க்கிலேயே பெரியது, வளைந்து நெளிந்து தலைகீழாகப் போவது. அதற்குச் சூப்பர்வைசராக இருந்தவர் அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். மில் மூடியபோது வேலை இழந்தவர் அவருடைய அப்பா. அதனால் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அங்கே அவர் வேலை, மூடிகளை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, சரியில்லாததைத் தள்ளுவது. அந்தப் பழக்கம் அவர் எலும்பில் ஏறிவிட்டது. டீயில் சர்க்கரை கூடினால்கூட "ரிஜெக்ட்" என்று தம்ளரைத் தள்ளி வைப்பார். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். மழையோ வெயிலோ, கேட்டுக்குள் நுழையும் நேரம் ஒரு நிமிடம் பிசகாது. அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்த நாட்களும் உண்டு, ஏனென்றால் நான் எப்போதும் பத்து நிமிடம் தாமதம்.

மேடைக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் ஓர் அளவுப் பலகை நிற்கும். அதில் ஒரு சிவப்புக் கோடு. தலை அந்தக் கோட்டைத் தொடாத குழந்தையைப் பாம்பு ரயிலில் ஏற்றக்கூடாது. தொடைமேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கம்பி சின்ன உடம்பை இறுக்கிப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம். இது தெரிந்தும் அம்மாக்கள் செய்யும் தந்திரம் இருக்கிறதே! உச்சந்தலையில் கொண்டை போட்டு அழைத்து வருவார்கள். ஷூவுக்குள் கைக்குட்டையை மடித்து வைப்பார்கள். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மூர்க் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டு முதுகை நிமிர்த்தி நிற்கும். மற்றவர்களுக்கு அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "செருப்பக் கழட்டு செல்லம். குதிகால் ஒட்டட்டும். நேரா என் கண்ணப் பாரு, வானத்தப் பாக்காத." பிறகு உள்ளங்கையைத் தட்டையாகத் தலைமேல் வைத்துப் பலகையோடு சேர்ப்பார்.

உயரம் போதாத குழந்தையை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கழிக்கப்பட்ட டிக்கெட் அட்டைகளை வெட்டி வைத்திருப்பார். பெயர், எத்தனை விரல்கடை குறைவு, வளர்ந்ததும் வா என்ற வரி, கையெழுத்து. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அந்த அட்டையோடு வந்தால் வரிசையில் நிற்காமல் முதல் பெட்டியில் இடம். அழுதுகொண்டு வந்த குழந்தை அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். நகல் எதுவும் அவர் வைத்துக்கொள்வதில்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, "கொழந்தைக்குக் குடுத்த வாக்குடி. அதுக்கு எதுக்கு ஜெராக்ஸ்?" என்றார். அந்த ஜெராக்ஸ் இல்லாமல்தான் பின்னால் அத்தனை பாடும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அமைச்சரின் குடும்பம் வந்தது. அமைச்சர் வரவில்லை. அவர் மனைவி, மகள், ஏழு வயது இருக்கும் ஒரு பேத்தி, கூடவே வெள்ளைச் சட்டை உதவியாளர் ஒருவர். வரிசையை ஒதுக்கிவிட்டு நேராகப் பலகைக்கு வந்தார்கள். அக்கா குழந்தையின் செருப்பைக் கழற்றச் சொன்னார், அளந்தார், இரண்டு விரல்கடை குறைவு என்றார். உதவியாளர் குரலை உயர்த்தினார். "யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியுமா?" அக்கா சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "எனக்குத் தெரியும் சார். அந்தக் கம்பிக்குத் தெரியாதே" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உண்மையில் அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்தச் சிறுமி அழவில்லை. பெரியவர்கள் கோபத்தில் திரும்பி நடந்துவிட, அக்கா எழுதிக் கொடுத்த அட்டையை வாங்கிக் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பாம்பு ரயிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள், எதிர்க்கட்சிக்கு வேண்டிய கம்பெனி அமைச்சர் குடும்பத்தை வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டது என்று பேச்சு கிளம்பியது. உயரமெல்லாம் சாக்கு, குழந்தை சரியான உயரம்தான் என்றார்கள். சட்டசபையில் கூச்சல். அந்த வாரமே ஜீப்புகள் வந்தன. கம்பெனிக் குழு கொடுத்த தகுதிச் சான்றிதழ் செல்லாது என்று கேட்டுக்கு சீல் வைத்தார்கள். கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. கேட்டுக்கு இடது பக்கம் ஒரு கட்சி கொடி நட்டது, வலது பக்கம் இன்னொரு கட்சி பந்தல் போட்டு மோர் கொடுத்தது. வேலையில்லாத நாங்கள் இரண்டு பக்கமும் மோர் குடித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எப்போது திறப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆரம்பத்தில் கம்பெனி அக்காவைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. கூட்டம் போட்டு மாலை போட்டார்கள். சீல் உடையாமல் மூன்றாம் மாதம் வந்ததும் அந்த மாலை வாடிப்போயிற்று. திரைக்குப் பின்னால் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. எல்லாவற்றிலும் இரண்டு தரப்பாரும் இறங்கி வந்தார்கள். யாராவது ஒருவர் தப்பு செய்ததாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

அக்கா கையெழுத்துப் போட ஒரு காகிதம் வந்தது. அன்று குழந்தை கோட்டைத் தொட்டது, சூப்பர்வைசர் கவனக்குறைவாக அளந்துவிட்டார், வருந்துகிறார் என்று அதில் இருந்தது. அக்கா படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். "அட்டையில எழுதிக் குடுத்திருக்கேன் சார். அத வாங்கிப் பாருங்க" என்றார். மேனேஜர், அமைச்சர் வீட்டில் கேட்டாயிற்று, அப்படி ஓர் அட்டையே இல்லை என்கிறார்கள் என்றார். "உங்க ஒரு கையெழுத்துலதாம்மா எல்லாரோட சோறும் இருக்கு. வேலையும் போகாது, வேற செக்சனுக்கு மாத்திடுவோம்" என்று கெஞ்சினார். அக்கா சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அன்னிக்குத் தப்பா அளந்தேன்னு எழுதிட்டா, நாளைக்கு ஒரு புள்ளைய வேணாம்னு சொன்னா எந்த அம்மா கேப்பா சார்?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் போட்டால்தான் பார்க் திறக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அதுதான் எங்கள் முட்டாள்தனம். குழந்தை கோட்டைத் தொட்டது, அட்டை எதுவும் கொடுக்கவில்லை என்று மேடையில் வேலை செய்த மூன்று பேர் சாட்சி சொன்னால் போதும் என்று வக்கீல்கள் வழி கண்டுபிடித்தார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை, பையனைப் பள்ளியில் சேர்த்த வருடம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிட உண்மை, நான் பயந்துவிட்டேன் என்பது. கேட்டதும் போட்டுவிட்டேன், பேனாவைத் தேடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

பார்க் திறந்தது. அமைச்சரும் கம்பெனித் தலைவரும் எங்கள் மேடையில் நின்று ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். சலுகை பாதி போனது, பாதி இருந்தது. இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அக்கா வேலையை விட்டு நீக்கப்பட்டார். மறுபடியும் மேட்டுப்பாளையத்துக்குப் போனார். போகும் நாளில் என்னிடம், "பலகையத் தெனம் தொடச்சு வையி, கோடு மங்கிடும்" என்று மட்டும் சொன்னார். அவருடைய இடத்தில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மஞ்சள் அட்டை கொடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரே அந்தக் கதையைப் பேசியதால், அதற்குப் பிறகு எந்தப் பெரிய வீட்டுக்காரரும் 'யார் பிள்ளை தெரியுமா' என்று என்னிடம் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறார்கள். அளப்பவர் சொல்வதே முடிவு என்று அரசு முத்திரையும் கம்பெனி முத்திரையும் போட்ட ஓர் அறிவிப்பு இப்போது பலகைக்கு மேலேயே தொங்குகிறது. அக்காவின் வேலையைப் பறிக்க முடிந்ததே தவிர, அந்தக் கோட்டை ஒரு விரல்கடைகூட இறக்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் இரண்டு தோழிகளோடு வந்தாள். கல்லூரிக்குப் போகும் வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். பையிலிருந்து ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்து, அட்டையை நீட்டினாள். "ஆன்ட்டி, இது இன்னும் செல்லுமா?"

பெயரைப் படித்தேன். தேதியைப் படித்தேன். "இது எங்கம்மா இருந்துச்சு?" என்றேன்.

"எங்கிட்டதான். அன்னிக்குத் தாத்தா கேட்டாரு, ஏதாவது கார்டு குடுத்தாங்களான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். குடுத்தா கிழிச்சிருவாங்க, அப்புறம் என்னை ரயில்ல ஏத்த மாட்டாங்கன்னு பயம். அப்புறம் வெளியூர்ல ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டாங்க. இப்பதான் வர முடிஞ்சுது." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அமைச்சர் பொய் சொன்னார் என்று இத்தனை வருடம் நான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அட்டை இல்லை என்று அந்த வீட்டில் பொய் சொன்னது அக்காவின் வாக்கை முழுசாக நம்பிய ஒரு குழந்தை மட்டும்தான். நானோ வளர்ந்தவள், பார்த்தவள், பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவள்.

அங்கேயே நின்று அக்காவுக்கு போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை என் கையில் இருக்கிறது, நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது என்றேன். பிறகு இத்தனை வருடமாக வாயில் வராததைச் சொன்னேன். "அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டேன்க்கா. என்ன மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "தெரியும்டி. அது கெடக்கட்டும். அந்தப் பொண்ண அளந்தியா?"

"அக்கா, அவ என்னவிட உயரம்."

"இருக்கட்டுமே. செருப்பக் கழட்டச் சொல்லி அள."

போனை வைத்தேன். அந்தப் பெண்ணிடம், "செல்லும்மா. ஷூவக் கழட்டு" என்றேன். தோழிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, குதிகால் ஒட்ட, முதுகு நிமிர்த்திப் பலகையில் நின்று, நேராக என் கண்ணைப் பார்த்தாள். சிவப்புக் கோடு அவள் தோளுக்கும் கீழே எங்கோ இருந்தது. எட்டி, உள்ளங்கையைத் தட்டையாக அவள் தலைமேல் வைத்து அளந்தேன். அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு, முதல் பெட்டியின் கதவைத் திறந்தேன்.