வேனுக்கு எந்த எஞ்சின்

எங்கள் வேனின் எஞ்சின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டை போகிற ரோட்டில் நின்றது. அன்று ஓட்டியது நான் இல்லை, என் கொழுந்தன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் பல நாள் எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்து மாலூர் பக்கத்துத் தையல் கம்பெனிக்குப் பதினாலு பெண்களைக் காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் கூட்டிவருவது என் வேலை. முன்பு வீட்டுக்காரர் ஓட்டினார். அவருக்கு பெங்களூரில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவராக ஆனபோது, வேனை விற்றுவிடலாம் என்றார். நான் லைசென்ஸ் எடுத்தேன். ஆறு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். பழைய மாடல் வேன். எஞ்சின் முன்னால் இல்லை, கேபினுக்குள்ளேயே இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஆறு வருஷமும் அது என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில்தான் ஓடியது. அதன் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். கொழுந்தனின் மாமனார் வீட்டில் காதுகுத்து. "அண்ணி, சாவி குடுங்க, சாயந்திரத்துக்குள்ள வந்துடறேன்" என்றான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு எடு என்று சொல்லித்தான் கொடுத்தேன். சாயந்திரம் ஒரு டிராக்டர் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

"தானா நின்னுடுச்சு அண்ணி. நின்ன உடனே ஓரங்கட்டிட்டேன். நான் இன்னா பண்றது?" என்றான்.

ராபர்ட்சன்பேட்டையில் வழக்கமாகக் காட்டுகிற மெக்கானிக் செயின் பிளாக் போட்டு எஞ்சினை வெளியே தூக்கி வைத்து, அதன் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். காய்ச்சல் விட்டு, ஒரு வாரம் கழித்து நான் போனபோது அதைச் சுற்றி நாலு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கொழுந்தனும் அதில் இருந்தான். இன்னொருவர் டீக்கடைக்காரர். அவருக்கும் இந்த எஞ்சினைப் பற்றி ஒரு கருத்து இருந்தது.

"எதனால போச்சு?" என்று கேட்டேன்.

மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை. கொழுந்தனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "வயசாச்சு. அவ்ளோதான். பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு."

பிறகு அவர்களே பேசிக்கொண்டார்கள். இதே எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், ஆனால் அது வீண் வேலை. பெங்களூரில் பழைய சாமான் விற்கிற குஜிலி பஜாரில் இதே மாடலின் பழைய எஞ்சின் ஒன்று இருக்கிறது, அதை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் வண்டி ரெடி. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு கார் எஞ்சினை வெல்டிங் வைத்து ஏற்றிவிடலாம்.

"கார் எஞ்சின் போட்டா எஃப்சி எப்படி ஆகும்? ஆர்டிஓ ஆபீஸ்ல எஞ்சின் நம்பர் பார்ப்பாங்களே" என்றேன்.

 மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "அண்ணன் வரட்டும் அக்கா, பேசிக்கலாம்" என்றார்.

அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். ஆறு வருஷமாக இந்த வண்டியின் கிளட்சை மிதிக்காதவர். போனில் அவரிடம் சொன்னேன். "தம்பி பார்த்துப்பான், நீ நடுவுல போவாத" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் நடுவில் போகிறேனாம். தினமும் விடியுமுன் எழுந்து இந்த வண்டியை எடுக்கிறவள் நான், எஞ்சின் விஷயத்தில் நடுவில் போகிறவளும் நான்.

இதற்கிடையில் பதினாலு பேரும் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்து, ரயிலில் நின்றுகொண்டு போய், இறங்கி நடந்து கம்பெனிக்குப் போனார்கள். ரயில் தாமதமானால் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். அவர்களில் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளால் மற்றவர்களோடு ஓட முடியவில்லை. மூன்று நாள் கேட்டில் நிறுத்தி வைத்தார்கள். நாலாவது நாள், இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க அக்கா, வண்டி கெட்டுப்போச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே முடிவு செய்தேன், அந்தப் பெங்களூர் எஞ்சினை நானே பார்ப்பது என்று. மெக்கானிக்கிடம் அந்தக் கடையின் விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்கி, போன் செய்து வழி கேட்டுக்கொண்டேன். "சும்மாதானே இருக்கேன், நானும் வரேன் அக்கா" என்று அந்தப் பெண்ணும் கிளம்பினாள்.

பழைய இரும்பும் கிரீஸ் நாற்றமுமாக ஒரு சந்து. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "நோடி மேடம், ஒள்ளே எஞ்சின்", நல்ல எஞ்சின் பாருங்கள் என்று கன்னடத்தில் ஆரம்பித்து, நான் தமிழ் என்றதும் தமிழுக்கு மாறினார். "பார்க்கவே வேணாம் மேடம். உங்க மெக்கானிக்கும், கூட ஒருத்தரு, தம்பின்னாரு, போன வாரமே வந்து ஓகே பண்ணிட்டாங்களே!"

போன வாரமே. அதாவது நாலு பேர் நின்று என் முன்னால் மூன்று வழிகளை எடைபோட்டார்களே, அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பேச்சு முழுக்க எனக்காகப் போட்ட கூத்து.

கடைக்காரர் ஸ்டாண்டில் இருந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. நான் கையை நீட்டி அதன் பக்கவாட்டைத் தொட்டேன். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் சுட்டது.

"இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணீங்க, எப்படி இவ்ளோ சூடு?"

"வெயில்ல இருக்குது மேடம்."

அங்கே வெயிலே இல்லை, மேலே தகரக் கூரை. நான் வருவது தெரிந்து முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார். எனக்கு வேண்டியது சூடான எஞ்சின் இல்லை. காலை ஐந்து மணிக்குப் பனியில் நிற்கிற வண்டி, சாவி திருப்பியதும் எழுந்துகொள்ள வேண்டும். "நிறுத்துங்க. ஆறட்டும். ஆறினதுக்கு அப்புறம் பார்க்கறேன்" என்றேன். அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு மணி நேரம் அசையவில்லை.

ஆறிய எஞ்சினை அவர் திரும்பத் திரும்பச் சுற்றினார். இருமியது, நின்றது. கடைசியில் பிடித்தபோது வந்த புகையில் அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னேன். அந்த ஓட்டை வழியாகவும் குப் குப்பென்று புகை, உள்ளே எல்லாம் தேய்ந்துபோன எஞ்சின். நான் வெளியே வந்தேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை எதுவும் வந்திருக்காது.

மறுநாள் ஒரு லக்கேஜ் ஆட்டோவோடு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். எங்கள் எஞ்சின் வெளியே மண்ணில் கிடந்தது. மேலே ஒரு கோணிகூட இல்லை. முந்தின நாள் பெய்த மழை சிலிண்டர்களுக்குள் நின்றிருந்தது.

"ஆட்டோவுல ஏத்துங்க" என்றேன்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் அக்கா."

"எந்த அண்ணன்? ஓட்டறது நானு. பெங்களூருக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க போன வாரம் போனதும் தெரியும். அங்க எவ்ளோ கமிஷன் பேசினீங்கன்னு இங்கியே, ரோட்டுல வச்சுக் கேக்கட்டுமா?"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

பங்காரப்பேட்டையில் எஞ்சின் சிலிண்டர்களைக் கடைந்து போரிங் வேலை செய்கிற லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே இருந்தவர் டீசல் ஊற்றி எல்லாவற்றையும் கழுவி, ஹெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடிக்காத குறையாக ஒரு இடத்தைத் தொடச் சொன்னார். மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, நகம் சிக்கியது.

"கொதிக்கிற எஞ்சின் மேல பச்சைத் தண்ணி ஊத்தியிருக்காங்கம்மா. அதுக்கு முன்னாடி தண்ணியே இல்லாம ரொம்ப தூரம் ஓட்டியிருக்காங்க. வயசெல்லாம் ஒண்ணும் இல்ல. பிளாக் நல்லா இருக்குது. ஸ்லீவ் அடிச்சு, பிஸ்டன் மாத்தி, வேற ஹெட்டு போட்டா ஓடும்."

"இதைக் கழட்டுனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"கண்ணு இருந்தா தெரியும்" என்றார்.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. என் கழுத்தில் இருந்ததை அடகு வைத்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, நேராகக் கொழுந்தன் வேலை செய்கிற செல்போன் கடைக்குப் போனேன். பஜாரில் கூட்டமான நேரம். கேட்டேன். முதலில் இல்லை என்றான். ஹெட்டில் உள்ள வெடிப்பைச் சொன்னதும் குரல் இறங்கியது.

"காதுகுத்துக்கு நேரமாயிடுச்சு அண்ணி. ஹீட்டு காட்டற ஊசி செகப்புலதான் நின்னுச்சு, கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டிட்டேன். அப்பறம் அங்க ஒரு தோட்டத்துல ரெண்டு பக்கெட் தண்ணி வாங்கி..."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா கத்துவீங்கன்னுதான்."

கத்தினேன். அந்தக் கடைக்கும் எதிர்க்கடைக்கும் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒரு கர்ப்பிணியின் வேலை போனதைச் சொன்னேன். அவன், "அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அடிக்கக் கை ஓங்கி, நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் எஞ்சின் திரும்பி வந்தது. வேறு ஒரு மெக்கானிக்கை வைத்து ஏற்றினேன். முதல் சாவியிலேயே பிடித்தது. நான் சிரித்திருக்க வேண்டும், ஆனால் அழுதேன். பெண்கள் எல்லாரும் திரும்ப வந்தார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. கம்பெனி சூப்பர்வைசரிடம் நானே போய்ப் பேசிப் பார்த்தேன். "லேட்டுன்னா லேட்டுதான், வண்டி கதையெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார்.  திரும்பும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு பறக்க வேண்டும் போல இருந்தது. எஞ்சின் புதிதாகச் செய்தது, ஆயிரம் கிலோமீட்டர் வரை வேகம் போகக்கூடாது. நாற்பதிலேயே ஊர்ந்து வந்தேன், லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப்போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம், "பழைய எஞ்சினையே செஞ்சு போட்டுட்டோம், அதான் பெஸ்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்ததும், "யாரு செஞ்சு போட்டது?" என்றேன்.

"நாம ரெண்டு பேருந்தான்" என்றார்.

போன மாதம் கொழுந்தன் ஒரு கல்யாணத்துக்கு வேன் கேட்டான். தரமாட்டேன் என்றேன். இன்னும் அதையே மனசுல வச்சுக்கிட்டிருக்கியா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.