கம்பத்தைச் சுற்ற ஆள் தேவை

சனிக்கிழமை காலையில் ஊரார் வீட்டுப் பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு, யார் விரலும் யார் சடையும் வெட்டுப்படாமல் திருப்பி வாங்குவதுதான் என் தொழில். பள்ளி விடுமுறையில் கைவேலை வகுப்பு நடத்தியவர்கள், கோந்து காய்வதற்குள் அம்மாக்களுக்குப் பதில் சொன்னவர்கள், இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். உங்களிடம் விளக்க வேண்டியதில்லை.

முன்பு ஒரு நாளிதழில் சிறுவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டில் வேலை. எப்போதோ கப்பல் சாமான் வியாபாரம் செய்த சுவீடன்காரர் ஒருவர் கட்டிய வீடு அது. அந்த நாட்டுப் பழக்கங்களை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் இங்கர் அம்மா. எழுபதைத் தாண்டியவர். இருபது வருடமாகப் பினாங்கில் இருக்கிறார். பாசாரில் மீன் வாங்கியே தமிழ் கற்றவர்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஜூன் மாதத்தில் அவர்கள் ஊரில் ஒரு கம்பத்தைப் பூவாலும் இலையாலும் அலங்கரித்து நட்டு, கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடுவார்களாம். ஐந்து வருடமாக நாங்களும் கம்பம் நட்டோம். ஒரு வருடம் மழை, ஒரு வருடம் புகைமூட்டம், மற்ற வருடங்களில் ஆள் இல்லை. ஒரு முறை நான், அவர், காவலாளி, வழி கேட்க வந்தவர் என்று நான்கு பேர் நின்றோம். கை எட்டவில்லை. இந்த ஆகஸ்டில் அவர் மகளோடு இருக்க சுவீடனுக்கே திரும்புகிறார். ஆக, வட்டம் இந்த ஜூனில் சேர வேண்டும், இல்லையென்றால் இல்லை.

நீளமான பகல்

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு பிள்ளைகளை உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னேன். அந்த நாட்டில் குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடும். ஜூனில் பகல் நீண்டுகொண்டே போகும். வருடத்திலேயே நீளமான பகல் வரும்போது, அந்தச் சந்தோஷத்தில் கம்பம் நட்டு ஆடுவார்கள். உலக உருண்டையையும் கைவிளக்கையும் வைத்து, சாய்வு, சுழற்சி எல்லாம் காட்டினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

கெலுகோரிலிருந்து வரும் தர்ஷினிக்கு எட்டு வயது. சன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "டீச்சர், நமக்கு டெய்லியும் ஏழரைக்குத்தானே இருட்டுது? அப்ப நம்ம டெய்லியும் ஆடணுமா, இல்ல ஆடவே வேணாமா?"

ஏழு வேலி, ஏழு பூ

விவரத்தைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பழக்கம்தான் அடுத்த வாரம் வினையாகிவிட்டது. விழா நாளில் ஏழு வேலி தாண்டி ஏழு வகைப் பூப் பறித்துத் தலையணைக்கடியில் வைத்தால் நல்ல கனவு வரும், ஆனால் பறிக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கேட்ட கையோடு, நான் தாளெடுக்க உள்ளே போன நேரத்தில், ஏழு பேர் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் வேலி ஏது? பூந்தொட்டி வரிசைதான்.

நாலாவது வீடு செல்வி அக்காவுடையது. பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமை மாலையானால் வீட்டில் பஜனை. சாமிக்கென்றே செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லி என்று தொட்டி தொட்டியாக வளர்ப்பவர். கதவைத் திறந்து, "யாரு பிள்ளைங்க நீங்க?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. "என்ன பண்றீங்க?" ஏழு பேரும் உதட்டில் விரல் வைத்து, அக்காவையும் பேசாதிருக்கச் சொல்லிவிட்டு, பறிப்பதைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்க நானும் இங்கர் அம்மாவும் ஒரு மல்லித் தொட்டியோடு போனோம். செல்வி அக்கா முகம் கொடுக்கவில்லை. "இன்னிக்கு எங்க சாமி வெறுங்கழுத்தோட உக்காந்திருக்கு, பாருங்க" என்றார். இங்கர் அம்மா தனக்குத் தெரிந்த தமிழில், பூவிலிருந்து கனவுக்கும், கனவிலிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து ஆகஸ்டுக்கும் வந்து சேர்ந்தார். கேட்டுக்கொண்டே இருந்த செல்வி அக்கா எழுந்து போய் மூன்று கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தார். "ஆளுதானேம்மா வேணும்? பூவைப் பறிக்கறதுக்கு முன்னாடி அதைக் கேட்டிருக்கலாம்லா!"

எந்தக் கோயில்?

பூவும் இலையும் சுற்றிய கம்பத்தின் உச்சியில் ஒரு குறுக்குச் சட்டம். அதன் இரு முனையிலும் பூவளையங்கள் தொங்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் முனியாண்டி அண்ணனிடம் படம் வரைந்து, அளவு எழுதிக் கொடுத்தேன். தாளைத் தலைகீழாகவும் பார்த்தார். "எந்தக் கோயில் டீச்சர்?" கோயில் இல்லை என்றேன். "கல்யாணமா?" இல்லை. "அப்ப... துக்க வீடா?" அவசரமாக மறுத்தேன். பகல் நீளமாக இருப்பதற்காக என்று சொல்ல வாயெடுத்து, தர்ஷினியை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்குப் போகப்போகும் ஒரு பெரியம்மாவுக்காக என்று மட்டும் சொன்னேன். நாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அதைச் சொல்லுங்க. யாரை நெனச்சுக் கட்டுறோம்னு தெரியாம கட்டுனா, எனக்குக் கை ஓடாது டீச்சர்."

மீன்

விழா நாள். விருந்துக்கு இங்கர் அம்மா காடியிலும் சர்க்கரையிலும் மூன்று நாள் ஊறவைத்த மீன். அவர்கள் ஊரில் அது இல்லாமல் விழா இல்லையாம். தர்ஷினியின் அப்பா செபராங் ஜெயாவில் லாரி ஓட்டுகிறார், சாப்பாட்டு விஷயத்தில் தைரியசாலி. முதல் துண்டை அவர்தான் எடுத்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். மெதுவாக மென்றார், விழுங்கினார், மரியாதையாகத் தலையசைத்தார். "நல்லா இருக்கும்மா. மீனுல பாயசம் வைக்கலாம்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு லா."

எந்தப் பக்கம்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆள் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த செல்வி அக்கா தன் பஜனைக் குழுவோடு வந்தார். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. கம்பத்தைப் பார்த்ததும் ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். புல் ஈரமாக இருக்கிறது என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகள், பெற்றோர், கடையைப் பூட்டிவிட்டு வந்த முனியாண்டி அண்ணன், காவலாளி, நான். கைகோத்தோம். கை எட்டியது. இங்கர் அம்மா வட்டத்தை ஒரு முறை கண்ணாலேயே சுற்றிப் பார்த்தார். பிறகு பாட்டைத் தொடங்கினார்.

தொடங்கிய மறுநிமிடம் வட்டம் அறுந்தது. இங்கர் அம்மாவும் அவர் பழக்கிய பிள்ளைகளும் கம்பத்தை இடப்பக்கம் வைத்து நடந்தார்கள். பஜனைக் குழு, கம்பத்தை வலப்பக்கம் வைத்து எதிரே வந்தது. ஒரு பக்கம் நெரிசல், மறுபக்கம் பிய்ந்துபோன கைகள், நடுவில் புல்லில் உட்கார்ந்துவிட்ட தர்ஷினி. மூன்று வாரமாக எல்லாவற்றையும் விளக்கிய நான் இதை மட்டும் சொல்லவில்லை. இங்கர் அம்மாவின் முகம் வாடியது. பாட்டும் நின்றது.

"அம்மா, அந்தப் பக்கம் சுத்தக்கூடாதும்மா. வலமா வரணும். எங்க கால் அப்படித்தான் போகும்" என்றார் செல்வி அக்கா. இங்கர் அம்மா கம்பத்தைப் பார்த்தார், அக்காவின் வெறுங்காலைப் பார்த்தார். குனிந்து தன் காலணியைக் கழற்றினார். திரும்பி நின்று, அக்காவின் கையைப் பிடித்து, பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை வட்டம் முழுசாக நகர்ந்தது.

மூன்று சுற்று முடிந்ததும் பஜனைக் குழு தானாக நின்றது. கையை விடுவித்து, கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முடிந்ததாக நினைத்து முனியாண்டி அண்ணன் செருப்பைத் தேடப் போனார். செல்வி அக்காவும் கும்பிடப் பார்த்தார். அவர் கையை மட்டும் இங்கர் அம்மா விடவில்லை. "மூணு போதாது, செல்வி. அஞ்சு வருஷமா சுத்தாததையும் சேத்துச் சுத்தணும்."

இப்படியாக, சுவீடன் நாட்டு விழாவை அந்நாட்டு முறைப்படியே நடத்திக் காட்டினோம், சுற்றிய திசையையும் கழற்றிய செருப்பையும் கடைசியில் விழுந்த கும்பிடையும் கணக்கில் சேர்க்காவிட்டால்.