தோசைத் திருப்பியின் தேய்ந்த மூலை

என் வேலை கல் பார்ப்பது. கற்கால மனிதர்கள் பயன்படுத்திய கற்சில்லுகளின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்து, எதற்குப் பயன்பட்டது என்று சொல்வேன். கீறல்கள் விளிம்போடு ஓடினால் எதையோ அறுத்திருக்கிறார்கள். குறுக்கே ஓடினால் சுரண்டியிருக்கிறார்கள். தோல் சுரண்டிய விளிம்பு மழுங்கி மங்கலாக இருக்கும், புல் அறுத்தது பளபளக்கும். மனிதர்களோடு பேசத் தெரியாத ஆளுக்கு ஏற்ற உத்தியோகம் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டு கற்களை ஒரே பையில் போடக் கூடாது. உரசிக்கொண்டால் புதுத் தழும்பு விழும், அப்புறம் எது பழசு, எது நாம் போட்டது என்று தெரியாது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பிடி சில்லுகளை ஒரே பையில் கொண்டுவந்தாள்.

"சாரி சார், பாக்ஸ்ல ஜாகா இல்ல, அதான் ஒண்ணா போட்டுட்டேன்."

"ஜாகா இல்லன்னா மடியில வச்சுட்டு வரணும்மா. அழிஞ்சது அழிஞ்சதுதான்."

கொஞ்சம் அதிகமாகவே காய்ச்சிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மல்லேஸ்வரம் வீட்டில் எனக்காக மட்டும் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். மனைவி இறந்த இத்தனை வருடமாகக் கடை மாவும் தோசையுமாகத்தான் ஓடுகிறது. திருப்பியைக் கழுவும்போது, வேலைப் பழக்கம், விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அவள் இடது கைக்காரி. இடது கையால் பிடித்தால் வலது மூலைதான் தோசைக்கல்லில் உரசும். கல்யாணமான புதிதில் வாங்கிய இரும்புத் திருப்பி அது. வலது மூலை நன்றாக உருண்டு தேய்ந்திருந்தது.

ஆனால் இடது மூலையும் தேய்ந்திருந்தது. கிட்டத்தட்ட அதே அளவு. அது என் வேலை. அவள் போனதிலிருந்து தினமும் வலது கையால் சுரண்டிச் சுரண்டி, என் தேய்மானத்தை அவளுடையதற்குச் சமமாகக் கொண்டுவந்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் என் மூலை அவளுடையதை முந்திவிடும், விளிம்பைப் பார்க்கிறவர்கள் வலது கைக்காரனின் திருப்பி என்றுதான் சொல்வார்கள். சமையலறையில் நின்று அழுதேன்.

ஆய்வுக்கூடத்துப் பை ஒன்றை எடுத்துவந்து திருப்பியை உள்ளே போட்டேன். மறுநாள் காலையே வெளியே எடுத்துவிட்டேன். அது அடுப்பருகே இல்லாத சமையலறையில் நிற்க முடியவில்லை.

இப்போது அவளைப் போல இடது கையால்தான் திருப்புகிறேன், இனி என் மூலை தேயாது. பாதி தோசை கிழிந்துவிடுகிறது. ஏன் கிழிகிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.