நீலமா சிவப்பா என்று அம்மனிடம் கேட்டது

என் மனைவி கல்யாண ஆல்பம் செய்கிறவள். பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோக்காரர் படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார். இவள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எது முதல் பக்கம், எது நடுப்பக்கம், பெண்ணின் அப்பா முகத்தில் விழுந்த நிழலை எப்படி எடுப்பது என்று பார்த்துப் பார்த்து அடுக்கித் தருவாள். பத்தாவதோடு நின்றவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பகல் வேளைகளில் தானாகக் கற்றுக்கொண்ட தொழில் இது. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். ஷிப்டு முடிந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே மவுஸ் தட்டுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டால்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்று இருக்கும்.

போன ஆடியில் அந்தச் சத்தம் நின்றுபோனது. ஒரு மத்தியானம் கரண்டு போவதும் வருவதுமாக இருந்து, கடைசியாக வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து புகை வாடை வந்ததாம். ரிப்பேர்காரர் திறந்து முகர்ந்து பார்த்தார். மதர்போர்டு கருகிவிட்டது, இது பழைய மாடல், இனி இதற்குச் செலவு செய்யாதீர்கள் என்று சொல்லி மூடிவிட்டார். படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது. அம்மன் காப்பாற்றினாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கையில் இருந்த ஆனி மாதத்துக் கல்யாண ஆல்பங்கள் பாதியில் நின்றன. எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆவணியில் திரும்பக் கொண்டுவந்து விடும்போது ஆல்பமும் கூடவே வர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் எதிர்பார்ப்பார்கள். ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கும் தொழில். ஆடி கடைசி வெள்ளி வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் முடியவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், அப்புறம் அந்த ஆளையே வைத்துக்கொண்டு போகிறாற்போல் ஆகிவிடும் என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார்.

அவள் அழவில்லை. கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்து வைத்தாள். மறுநாளும் துடைத்தாள். தூசியே இல்லாத மேஜையை. அதைப் பார்த்துவிட்டு டூட்டிக்குப் போனால் கிரேன் கேபினில் என் கால் சும்மா இருக்கவில்லை.

புதிது வாங்குவது என்று முடிவு செய்தோம். ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்பது எங்கள் வழக்கம். அது ஒரு உறுத்தல். அதைவிடப் பெரிய உறுத்தல் பிராசஸர். அதுதான் எல்லாக் கணக்கையும் போடுகிற சில்லு, தீப்பெட்டியைவிடச் சின்னது. எங்கள் மாதிரி ஆட்கள் வாங்க அதில் இரண்டு கம்பெனிதான். பெயர்களை எழுதவில்லை. ஒன்றின் ஸ்டிக்கர் நீலம், இன்னொன்றுடையது சிவப்பு. வீட்டிலும் நீலம், சிவப்பு என்றுதான் பேசினோம். ஒன்றுக்கு உள்ள போர்டில் மற்றது உட்காராது. வாங்கியபிறகு மனசு மாறினால் பாதிப் பெட்டியை மாற்றியாக வேண்டும். இந்த ஒரு விஷயம் என்னைப் பிடித்து ஆட்டியது.

கேன்டீனில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எலக்ட்ரிகல் பிரிவில் எனக்கு மச்சான் முறையாகிற ஒருவன் உண்டு. அவன் நீலக் கட்சி.

"மாமா, பழகுன ஊட்ட உட்டுட்டு புது ஊட்டுக்கு எதுக்குப் போறே? அக்கா இத்தினி வருஷம் நீலத்துலதான வேல செஞ்சுது?"

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கிரேன் கூட்டாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது அந்தக் காலம். இப்ப செவப்புதான் ஓடுது. நீ உன் பழைய வண்டியவே கழுவிக்கினு இரு."

"செவப்பு சூடாவும்."

"ஃபர்னஸ் பக்கத்துல நின்னுக்கினு சூட்டப் பத்திப் பேசறான் பாரு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கட்சி சேர்ந்துவிட்டார்கள். சைரன் அடித்துத் தட்டைக் கழுவப் போகும்வரை ஒருவரும் ஆல்பம் செய்ய எது சரி என்று சொல்லவில்லை.

அதன்பிறகு போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் கோடு கோடாகப் படம் போட்டு நீலம் என்பார். மனசு நீலத்தில் போய் உட்காரும். அடுத்தவர் அதே மாதிரிக் கோடு போட்டுச் சிவப்பு என்பார். கம்பெனி பஸ்ஸில், டீக்கடையில், பல் துலக்கும்போது எல்லாம் இதே வேலை. சோறு போட்டு வைத்துவிட்டு அவள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவளோ, ஸ்டுடியோ திறக்கிறதுக்கு முன்னால் காலையில் போய் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொன்னேரிக்குப் போய்வர ஆரம்பித்தாள். நின்ற வேலையைக் கொஞ்சமாவது நகர்த்தத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னால் தாங்க முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போனேன். பெண் பார்க்கப் போவது, நிலத்தில் போர் போடுவது, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவது எதுவாக இருந்தாலும் எங்கள் ஊரில் பூ கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கற்பூரம் காட்டியபிறகு பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எதற்கு எது என்று நாம் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். வந்ததை மீறக் கூடாது.

நீலப் பூவுக்கு எங்கே போவது? வெள்ளை வந்தால் நீலம், சிவப்பு வந்தால் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன்.

இன்னா காரியம் நைனா என்று பூசாரி கேட்டார். கம்ப்யூட்டர் சில்லுக்காக வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டு விஷயம் என்றேன். காகிதத்தைப் பிரித்தேன். வெள்ளை அரளி. கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பல நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. அம்மனே சொல்லிவிட்டாள், இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவள் பொன்னேரியிலிருந்து வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள். "செவப்பே வாங்கிடலாங்க. ஸ்டுடியோல இருக்கறது அதான். எல்லாப் பக்கத்தையும் ஒண்ணாத் தொறந்து வெச்சுக்கினு பாத்தேன், எங்கயும் நிக்கல. நம்ம கைக்கு எட்டற வெலைல நீலத்துல அது வராதாம்."

பல நாள் கழித்து அவள் முகத்தில் வெளிச்சம். நான் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என் நிம்மதி போனது போனதுதான். அம்மன் நீலம் என்கிறாள், வீட்டுக்காரி சிவப்பு என்கிறாள். நடுவில் நான் ஒருவன் மட்டும் இரண்டையும் தெரிந்துகொண்டு முழித்தேன்.

என் வார விடுமுறையன்று திருவள்ளூருக்குக் கிளம்பினோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து தருகிற கடை ஒன்று இருந்தது, அவள் அண்ணனுக்குத் தெரிந்த கடை. ஆடி மாதம் என்பதால் பஸ் முழுக்க மஞ்சள் புடவையும் வேப்பிலையும். பெரியபாளையத்தில் பாதி பஸ் இறங்கியது. ஜன்னல் வழியாக அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கை கூப்பினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கையை இறக்கிவிட்டேன்.

கடைக்காரர் சிவப்பு ஸ்டிக்கர் போட்ட சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெட்டிமேல் ஒட்டியிருக்கிற சீலைக் கிழிக்கட்டுமா, கிழித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார். அவள் தலையாட்டினாள். அவர் கத்தியை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றேன்.

அவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆடிதோறும் கோயிலில் கூழ் ஊற்றுகிறவள், செவ்வாயும் வெள்ளியும் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் விளக்கேற்றுகிறவள். பூ கேட்டது என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"எப்பக் கேட்டீங்க?"

"செவ்வாக்கெழம."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"கேட்டுட்டா நிம்மதியா இருக்குமேன்னுதான்."

"யாருக்கு?"

அவள் உள்ளே போய், இன்னொரு நாள் வருகிறோம் அண்ணா என்று கடைக்காரரிடம் சொன்னாள். நீலமே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் குறைச்சல் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதற்கு அவள் தலையாட்டவில்லை. திரும்பும்போது அவள் முன் சீட்டில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்தலையையே பார்த்தபடி ஊர்வரைக்கும் நின்றேன். வழியில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. கடைசி வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கவிடாமல் செய்தது நான்.

மறுநாள் விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். கூப்பிடவில்லை. நானாகப் பின்னால் போனேன். பூசாரி அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், சில்லு, நீலம், சிவப்பு உட்பட. அவர் சிரிக்கவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"காரியம் யாருதோ அவங்க எதுர்ல நிக்கணும் நைனா. பொண்ணுக்குக் கேக்கறதுன்னா பொண்ண நிக்க வெப்போம். போருக்குன்னா நெலத்துக்காரன் நிக்கணும். வேல செய்யறது அது. வந்து நின்னது நீ."

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை அது. கல்யாணத்துக்குக் கேட்டபோது இவளே அந்த இடத்தில் நின்றிருக்கிறாள். ஆனால் இது அவளுடைய காரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு விஷயம் என்றுதான் தோன்றியது. வீட்டு விஷயம் என்றால் நான் போய் நிற்க வேண்டியது என்று என் கால் தானாகப் போய்விட்டது.

இப்போது அவளே நின்று கேட்கட்டும் என்று பூசாரி பூவுக்குக் கை நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அம்மன் முன்னால் போய் நின்று, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அவரு கேட்டாரு, அவருக்குச் சொன்ன. நான் உன்னக் கேக்கல தாயே, செஞ்சு பாத்துட்டு வந்து சொல்றேன். செவப்புதான் வாங்கப் போறேன். தப்புன்னா என்னக் கேளு. வேலைய மட்டும் நிறுத்திடாத."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மனிடம் அப்படிப் பேசலாமா என்று பயமாகவும் இருந்தது. பூசாரி குங்குமத்தை அவள் கையில் போட்டார். அதை அவள் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் லீவு போட்டேன். அதே கடை, அதே பெட்டி. கத்தி சீலில் இறங்கியபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்தக் குங்குமத்தைப் புதுப் பெட்டியின் நெற்றியில் வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான். சமையல் பாதி என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகச் செய்தேன். ஆனால் நிம்மதியாக அல்ல. பெட்டிக்குள் விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் என் காது அங்கேயே போகும். அம்மன் எனக்குச் சொன்னதை மீறி நடக்கிற வீடு இது, எந்த நிமிஷம் நின்றுபோகுமோ என்று குழம்புக் கரண்டியோடு வந்து பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பேன்.

"சூடுல்லாம் இல்ல," என்பாள் திரும்பாமலேயே. "அடுப்பு மேல வெச்சதப் போய்ப் பாருங்க."

டூட்டியில் இருந்தாலும் இடைவேளையில் போன் செய்து ஓடுகிறதா என்று கேட்பேன். கேன்டீனில் மச்சான் எது வாங்கினீர்கள் என்று கேட்டான். இன்னும் வாங்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவன் வாயால் சூடாகும் என்று இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

கடைசி வெள்ளி காலையில் அவளை வண்டியில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விட்டேன். உள்ளே வாங்களேன் என்றாள். நான் வெளியிலேயே நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள் ஸ்டுடியோக்காரர் திரையைப் பார்த்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு பக்கத்தில் நிறுத்தி ஏதோ கேட்டார். அவள் குனிந்து விரலால் காட்டினாள். அவர் முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தேன், நிறுத்தினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா ரிப்பேரா தம்பி என்று கேட்டாள்.

ஒருவழியாக அவள் வந்தாள். உள்ளங்கைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

கையைத் திறந்து காட்டினாள். இரண்டு பென் டிரைவ். ஆவணியில் கல்யாணம் ஆகப்போகிறவர்களின் நிச்சயதார்த்தப் படங்கள், புது வேலை என்றாள். வேறு ஆள் என்கிற பேச்சையே ஸ்டுடியோக்காரர் எடுக்கவில்லையாம். முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். எந்த வாயால் என்று சந்தேகம் வந்து, அம்மா என்று மட்டும் சொன்னேன். பின்னால் அவளும் அதையேதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. என் தோளில் தட்டி, சீக்கிரம் போங்க, கரண்டு இருக்கும்போதே உக்காரணும் என்றாள்.