லீபெராவும் பாடத் தெரியாத பாடகனும்

டிரையரை அணைத்து, அதன் கூண்டை வாடிக்கைக்காரியின் தலைமேலிருந்து தூக்கிவிடுகிறாள் லீபெரா. முடி இன்னும் பாதி ஈரம். “இந்த எடத்தக் கேளு. இப்ப வருது பாரு,” என்கிறாள்.

அலமாரி மேலிருக்கும் பாட்டுப்பெட்டியிலிருந்து ஒரு ஆண்குரல் பேசிக்கொண்டிருக்கிறது. பாடவில்லை, பேசுகிறது. பின்னால் ஒரு கித்தார், கயிறு கட்டிய ஆடு போல ஒரே இடத்தைச் சுற்றி வருகிறது. அவன் சொல்லும் கதையில், அம்மா இறந்த பிறகு அண்ணனும் தங்கையும் சமையலறைச் சாமான்களைப் பங்கிடுகிறார்கள். விரிசல் விட்ட வடிதட்டை மட்டும் ‘நீ வச்சுக்க’ என்று இருவரும் மாறி மாறித் தள்ளுகிறார்கள். கடைசியில் அது அண்ணனுடைய காரின் பின்சீட்டில் ஊருக்குப் போகிறது. பாட்டு முடிகிறது.

“அவ்வளவுதானா?” என்கிறாள் வாடிக்கைக்காரி, ஈரத்தலையோடு.

“அவ்வளவுதான். வேற என்ன வேணும் ஒனக்கு? வடிதட்டு எழுந்து டான்ஸ் ஆடணுமா?”

இத்தாலியில், மோதெனா நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் லீபெராவின் முடிதிருத்தும் கடை இருக்கிறது. நான் அங்கே தலை அலசுகிறேன், தரை கூட்டுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு நேராக இந்தக் கடைக்குள் நுழைந்தவள்தான். அலசும் தொட்டிப் பக்கம் நின்றால் எல்லார் முகமும் தலைகீழாகத் தெரியும். பேசவேண்டிய அவசியமும் அதிகம் வராது. லீபெரா எனக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாள்.

ஆள் நெடியவள். கை நீளம், குரல் அதைவிட நீளம். சீப்பைப் பின்கழுத்துக் கொண்டையில் செருகிவிட்டு, ‘சீப்பு எங்க?’ என்று என்னைக் கேட்பாள். அவள் ஏப்ரானிலும் ஒரு சீப்பு உண்டு, அதையும் கேட்பாள். கடைக்கு வெளியே யாரையாவது கூப்பிட்டால் சதுக்கத்தின் எதிர்மூலையில் காய்கறிக்காரர் திரும்பிப் பார்ப்பார். நல்ல கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘வாடகைக்காரர்கள்’ பாடும்போது மட்டும் கத்தரிக்கோல் காற்றில் நின்றுவிடும். கதையில் யாராவது கதவைத் தட்டப்போகிறார்கள் என்றால், திறக்கும்வரை ஒரு முடி விழாது. பிறகு விட்ட இடத்தை மறந்து வேறு இடத்திலிருந்து வெட்டுவாள். இந்த ஊரில் நெற்றிமுடி கோணலாக இருக்கும் பெண்களைப் பார்த்தால், எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்றுகூட என்னால் சொல்லிவிட முடியும்.

வாடகைக்காரர்கள் என்பது ரெட்ஜோ நகரப் பக்கத்து மூன்று பையன்கள் வைத்திருக்கும் குழுவின் பெயர். பையன்கள் என்றால் நாற்பதைத் தாண்டியவர்கள். பெரிய கம்பெனி எதுவும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தாங்களே பதிவு செய்து, தாங்களே வேன் ஓட்டிக்கொண்டு போய் வாசிக்கிறார்கள். அவர்களுக்காகச் சண்டை போட எங்கள் ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். அவளிடம் நான் வேலை பார்க்கிறேன்.

போன வசந்தத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் ரூபென் என்பவன் அவர்களைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதினான். ‘ரயில் தாமதமானதைப் பற்றி ஒரு பயணி குறைசொல்வதைத் தாளத்தோடு கேட்கும் அனுபவம்’ என்று அதில் ஒரு வரி. பத்திரிகையை யாரும் அவ்வளவாக வாங்குவதில்லை. அந்த வரி அப்படியே செத்திருக்கும். லீபெரா விடவில்லை. உட்கார்ந்த ஒவ்வொருத்தியிடமும் அதை மனப்பாடமாக ஒப்பித்து, “இது ஞாயமா, நீயே சொல்லு,” என்று கேட்டாள். கோடை வருவதற்குள் ரூபெனின் வரி ஊர்முழுக்கப் பரவிவிட்டது. குழுவைக் கேட்டே இராதவர்கள்கூட ‘அந்த ரயில் பயணிகளா?’ என்று சிரித்தார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே துண்டுகளை மடித்தேன்.

ரூபெனின் பெரியம்மா தில்வா. லீபெராவோடு ஒரே வகுப்பில் படித்தவள். மாதம் ஒருமுறை தலைக்குச் சாயம் போட வருவாள். தில்வாவின் கணவர் ஓரெஸ்தேதான் ஊரின் கோடைத் திருவிழாக் குழுவுக்குத் தலைவர். எங்கள் திருவிழாவில் சமையல், பரிமாறல், மேடை எல்லாமே ஊர்க்காரர்கள் சும்மா செய்யும் வேலை. குளிர்காலம் முழுக்க ஓரெஸ்தேயை நச்சரித்து, கடைசி சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய மேடையை வாடகைக்காரர்களுக்கு வாங்கிவைத்திருந்தாள் லீபெரா. அவளுக்கு அதுதான் எல்லாம். ஊரே ஒரு தடவை உட்கார்ந்து கேட்கவேண்டும். கேட்டால் போதும் என்று நம்பினாள்.

ஜூலையில் தில்வா வந்து உட்கார்ந்தாள். லீபெரா சாயத்தைப் பூசினாள். அதோடு விட்டிருக்கலாம்.

“எங்க ரூபென் எழுதுனதுல என்னடி தப்பு? பாட்டுன்னா கூடவே பாடணும், இல்ல எழுந்து ஆடணும். இதுல ரெண்டும் முடியல,” என்றாள் தில்வா.

“நீ ஆடி நான் பாத்திருக்கேன். அன்னிக்குப் பாட்டு மேல தப்பில்ல.”

“அவனுக்குக் கொரலே இல்லடி.”

“இங்க வந்து ஒக்காந்து நீங்கல்லாம் பொலம்புறீங்களே, அப்ப யாராவது கொரலப் பாக்குறமா? ஒன் மருமக ஈஸ்டருக்கு வரலேன்னு அன்னிக்கு அழுதியே, மெட்டுப் போட்டா அழுத?”

“அத எதுக்கு இப்ப இழுக்குற?”

“அதத்தான் அவன் பாடுறான். மெட்டு நல்லா இருந்தா நீ மெட்டக் கேப்ப. அவன் சொல்றதக் கேக்கமாட்ட. அதான் மெட்ட ஒளிச்சு வச்சிருக்கான்.”

“ஒளிச்சவன் எங்க வச்சோம்னு மறந்துட்டான் போல.”

நான் “சாயத்துக்கு நேரம் ஆச்சு,” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி சொன்னேன். “இரு, வர்றேன்,” என்று கத்தரிக்கோலை என் பக்கம் ஆட்டிவிட்டு, தில்வாவுக்கு ஒரு முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினாள் லீபெரா. நீளமான பாட்டு. சாயம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அலசி, துடைத்து, தில்வாவைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினோம்.

“நெறம் கொஞ்சம் அழுத்தமா ஏறியிருக்கு,” என்றாள் லீபெரா.

“அழுத்தமா? கத்தரிக்காய்க்குக் கம்மல் போட்ட மாதிரி இருக்கேன்.”

அடுத்த நாள் காலையில் ஓரெஸ்தே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். பெரிய மேடை சனிக்கிழமை நடன இசைக்குழுவுக்குப் போகிறது, அக்கார்டியன்காரர் வருகிறார் என்றார். வாடகைக்காரர்களை வேண்டாமென்று சொல்லவில்லையாம். சாப்பாட்டு நேரத்தில், சமையல் கூடாரத்துக்குப் பக்கத்துச் சின்ன மேடையில் வாசிக்கலாமாம்.

“சாப்பாட்டு நேரத்துல யாரு கேப்பா, தலைவரே?”

“பேசிக்கிட்டே சாப்புடறதுதான் நம்ம ஊர் வழக்கம். அவங்களும் பேசத்தான போறாங்க.”

“இது தில்வா தலைக்காகத்தான?”

“தலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஜனங்க ஆடணும்ல?”

அவர் போன பிறகு அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சாப்பாட்டுக் கூடாரத்தில், தட்டு தயாரானதும் சீட்டு எண்ணை மைக்கில் கூப்பிடுவார்கள். ஊரிலேயே பெரிய குரல் யாருக்கோ அவர்களுக்குத்தான் அந்த வேலை. வருஷக்கணக்காக அது லீபெராவின் வேலை. அதாவது, வாடகைக்காரர்களின் குரலை மூழ்கடிக்கப்போவது அவளேதான்.

“வேற யாரையாவது கூப்பிடச் சொல்லுங்களேன்,” என்றேன் நான். அபூர்வமாக.

“யாரு, நீயா?” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை கூடாரம் நிறைந்திருந்தது. நீண்ட மேசைகள், லாம்ப்ரூஸ்கோ மது, மாவுக்குள் பூசணி அடைத்த தோர்தெல்லி, எண்ணெயிலிருந்து உப்பி உப்பி எழும்பும் மாவுத்துண்டு ஞொக்கோ. நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தில்வா தலையில் பட்டுத்துணி கட்டி முதல் மேசையில் இருந்தாள். பக்கத்தில் ரூபென், தட்டையே பார்த்துக்கொண்டு.

குழு தொடங்கியது. வேலை போன பிறகும் தினம் ஓடு தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுகிற ஒருவனின் கதை. லீபெரா இயன்றவரை குரலை அடக்கி, வரிகளுக்கு நடுவே இடம் பார்த்து எண்களைக் கூப்பிட்டாள். முப்பத்தெட்டு, தோர்தெல்லி. முப்பத்தொன்பது, ஞொக்கோ. ஒரே மாதிரி இரண்டு மைக், இரண்டிலும் பேச்சு. யார் எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. மேடையில் பாடகன், “நாற்பத்தொண்ணு. வந்துடுச்சு,” என்றான். அது பஸ் எண். கடைசி மேசையிலிருந்து ஒரு பெரியவர் சீட்டோடு எழுந்து வந்து கையை நீட்டினார்.

“எங்க என் தோர்தெல்லி?”

“ஒங்களோடது இன்னும் வேகல. அது பஸ்ஸு,” என்றாள் லீபெரா.

“எந்த பஸ்ஸு?”

கூடாரம் சிரித்தது. ரூபெனும் சிரித்தான். பாடகனும் சிரித்துவிட்டான், ஆனால் அந்தப் பாட்டு அங்கேயே உடைந்துபோனது. லீபெராவின் கழுத்து சிவந்து வருவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

கத்தவில்லை. அடுத்த பாட்டுக்கு கித்தார் தொடங்கியதும் மைக்கை அணைத்து, மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொருவர் சீட்டையும் குனிந்து பார்த்தாள், தட்டை ஓசையில்லாமல் வைத்தாள், திரும்பி வந்தாள், அடுத்த இரண்டை எடுத்தாள். அவள் அப்படி ஓசையின்றி நடந்து நான் பார்த்ததில்லை. நானும் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மேடையில் ஒரு பெண்ணின் கதை. கணவனின் காலணிகளை மருத்துவமனையிலிருந்து ஒரு பையில் வீட்டுக்கு எடுத்துப்போகிறாள். பக்கத்து இருக்கையில் வைப்பதா, மடியில் வைப்பதா என்று பஸ்ஸில் அவளுக்குத் தெரியவில்லை. யாரோ வந்து, ‘இங்கே ஆள் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். சில மேசைகளில் பேச்சு நின்றது. சில மேசைகளில் நிற்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் தட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.

ஓரெஸ்தே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “என்ன நடக்குது இங்க? தட்டெல்லாம் ஆறுது. மைக்கு எங்க? நம்பரக் கூப்பிடு லீபெரா, ஜனங்க…”

லீபெரா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையிலிருந்த தட்டிலிருந்து சூடான ஞொக்கோ ஒன்றை எடுத்து, அவர் திறந்திருந்த வாய்க்குள் வைத்தாள்.